நண்டுப் படமும் அரளிப் பூவும்

விசு, இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. கையில் காபி இருந்தால் குடித்து முடித்துவிட்டுத் தொடங்கு. உலகம்மையை நினைத்துப் பிள்ளையார் சுழி போட்டுத்தான் நானும் தொடங்கியிருக்கிறேன்; ஆனாலும் மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. வயதைக் காரணம் சொல்ல மாட்டேன், ஐம்பத்தாறெல்லாம் ஒரு வயதா? சொல்ல வந்த விஷயம் அப்படி. உன் தங்கை கோமதி, "வாட்ஸப்புல பேசி அனுப்பும்மா, அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுரும்" என்றாள். பேசினால் பாதியில் பேச்சை மாற்றி, "சாப்பிட்டியால?" என்று கேட்டுவிடுவேன். பதினைந்து வருஷமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வருகிறேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் எனக்குப் பாதியில் எழுந்திருக்க வராது. கணக்கு நோட்டு எழுதிப் பழகிய கை. கீழே கோடு போட்டு முடித்தால்தான் அடங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிட்டபோது நான் தோசைக்கல் முன்னால் நின்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்தேன். "யம்மா, ஐதராபாத்துல ஒரு எடத்துல வேலைக்குக் கூப்பிடுதாங்க. கார்ட்டூன் சினிமா எடுக்குத கம்பெனி. நான் ராத்திரி உக்காந்து வரைஞ்சு போடுதேன்லா, அதப் பாத்துட்டுக் கூப்பிடுதாங்க" என்றாய். இப்போது தென்காசித் தியேட்டரில்கூட ஒரு நண்டுப் படம் ஓடுகிறது, அந்த மாதிரிப் படம்தான் என்றாய். சம்பளம் பாதியாகிவிடும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், தூக்கமே வரவில்லை என்றாய். அதுவரைக்கும் நான் தைரியமாகத்தான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சொன்னாய் பார்: "நீ உலகம்மன் சந்நிதியில பூக் கட்டிப் பாத்துச் சொல்லும்மா. அன்னைக்கு இன்ஜினியரிங்கா ஓவியமான்னு பாத்தோம்லா, அதே மாதிரி. அம்மன் என்ன சொல்லுதாளோ அதச் செஞ்சிருதேன்." அந்த 'அதே மாதிரி'யில் ஒரு தோசை கருகியது. கல்லைத் துடைக்கிற சாக்கில் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டை நாலு பேரிடம் விசாரிப்பதில்லையா? மகனைக் கொடுக்கிற இடத்தையும் ஒரு நடை பார்த்துவிடுவோம் என்று மறுநாள் மதியக் காட்சிக்குக் கிளம்பினேன். கோமதி பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு சுரண்டை பஸ் ஏறிப் போய்விட்டாள். துணைக்கு அப்பாதான். "ஏளா, நாம சைவக்காரங்க. வெங்காயம் நறுக்கவே கிழமை பாக்க. தியேட்டர்ல போயி நண்டா?" என்றார். "சமைக்கவா போறோம், பாக்கத்தான போறோம்" என்றேன். "பாத்தாலும் பாவம்தான்." "இடைவேளையில பாப்கார்ன் உண்டு" என்றேன். பாவம் அந்த நிமிஷமே தீர்ந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் நின்றார். தியேட்டரில் எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர். அதில் மூன்று பேர் சாரலுக்கு ஒதுங்கியவர்கள்.

கதை இதுதான். வயல் வரப்பில் ஒரு வளை, அதில் ஒரு குட்டி நண்டு. வாய்க்காலில் ஓடி வருகிற தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். தவளையைக் கேட்கிறது, கொக்கைக் கேட்கிறது. "தண்ணி வருதா, குடிச்சிட்டுப் போ. எங்க பிறந்தா உனக்கென்ன?" என்கிறார்கள். மலைமேல் ஏறிப் பார்க்கப் போகிறேன் என்கிறது நண்டு. எல்லாரும் உருண்டு புரண்டு சிரிக்கிறார்கள். நேராக நடக்கவே வராத ஜீவன் மலை ஏறுகிறதாம்! அதுவோ பக்கவாட்டிலேயே கிளம்பிவிடுகிறது. முகம் ஒரு பக்கம் இருக்கிறது, பயணம் ஒரு பக்கம் போகிறது. அப்பா என் காதருகே வந்து, "ஏளா, போற வழிய அது பாக்கவே மாட்டேங்குதே" என்றார். நம்ம விசு இன்ஜினியரிங் படிச்ச மாதிரி, என்று வாய்வரை வந்தது. பாப்கார்னைப் போட்டு அடைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது எனக்கு. அந்தக் குட்டிக்கு ஒரு அம்மா நண்டு உண்டு. குட்டி தூங்கியதும் ஈர மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து வளையின் வாயை அடைத்துவிடுகிறது. விடிந்ததும் குட்டி எழுந்து முட்டிப் பார்க்கிறது. "ராத்திரி மழைல மண்ணு சரிஞ்சிட்டு, கண்ணு. மழையே வேண்டாம்னு சொன்னா நாம என்ன செய்ய?" என்கிறது அம்மா. அப்படிச் சொல்லும்போது அதன் கொடுக்கில் மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குட்டி அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்தக் கொடுக்கை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறது, விசு. வரைந்தவன் யாரோ தெரியாது. அவனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

இப்போது என் கொடுக்கை நீட்டுகிறேன், பார். நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாய். நாலு வயதிலிருந்தே என் கணக்கு நோட்டில் ஓரமெல்லாம் நீதான். பால் கணக்குப் பக்கத்தில் பால்காரரின் மீசை இருக்கும். பால் வராத நாளில் நான் கோடு போடுவதற்குள் நீ அங்கே தூங்குகிற பசு ஒன்றை வரைந்து வைத்திருப்பாய். மாதக் கடைசியில் தூங்குகிற பசுக்களை எண்ணித்தான் நான் பாலுக்குக் கழித்தேன். அதெல்லாம் ரசித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ ஓவியக் கல்லூரி என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பசு வரைந்தால் பால் வருமா? படம் வரைகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்படியெல்லாம் ஓடியது புத்தி. நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் உன் பாடப்புத்தகத்தை நீ தூங்கினபிறகு எடுத்துப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. அந்தப் புத்தகங்கள் எதிலும் ஓவியன் சோறு தின்றதாக ஒரு பாடம் இல்லை. இன்ஜினியருக்கு மட்டும் பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்தேன். உனக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. ஜாதகம் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கும் தப்பு.

நீ ஓவியம் என்றாய், நான் இன்ஜினியரிங் என்றேன், அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டினார். மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் நான்தான் சொன்னேன்: "சண்ட வேண்டாம்ல. உலகம்மைட்ட கேப்போம். வெள்ளை வந்தா ஓவியம், சிவப்பு வந்தா இன்ஜினியரிங்." யோசிக்காமல் சரி என்றாய். அம்மன்மேல் அவ்வளவு நம்பிக்கை உனக்கு. என்மேலும்.

ஒரு தாளில் வெள்ளைப் பூ, ஒரு தாளில் சிவப்புப் பூ, வெளியே நிறம் தெரியாமல் மடித்து நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைத்து வாங்கி, ஒன்றைக் குழந்தை கையால் எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்ததில் என்ன நிறமோ அதுதான் உத்தரவு. உனக்கு இது தெரியும். உனக்குத் தெரியாதது, மடித்த கதை. சிவப்புக்கு நம் கொல்லை அரளி இருந்தது, இரண்டு கை பறித்தேன். வெள்ளைக்கு நந்தியாவட்டை வேண்டும். அடுத்த தெரு வாத்தியாரம்மா வீட்டில்தான் செடி உண்டு. செருப்பை மாட்டினேன். வாசல்படி இறங்கினேன். வெயில் ஒன்றும் இல்லை, தூரமும் இல்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு தாளிலும் அரளியையே வைத்து மடித்தேன். விசு, அன்றைக்கு இரண்டு பொட்டலமும் சிவப்பு. வெள்ளை என்கிற ஒன்று அந்தக் கோயிலுக்குள்ளேயே வரவில்லை.

ஒன்பது வயதுக் கோமதி ஒன்றை எடுத்தாள். நீ பிரித்தாய். நீ அழுதிருந்தால் அங்கேயே உளறியிருப்பேன். நீயோ விபூதியைப் பூசிக்கொண்டு, "அம்மனே சொல்லிட்டா, பொறவென்னம்மா" என்று என் தோளில் கை போட்டாய். அந்தத் தோள் இன்றைக்கும் கனக்கிறது. மற்றப் பொட்டலத்தை நான் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன். நம் கோபுர வாசல் காற்று உனக்குத் தெரியும், ஆளையே நிற்க விடாது. நீயும் அப்பாவும் செருப்பு எடுக்க முன்னால் போய்விட்டீர்கள். காற்று முந்தானையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது. முடிச்சு அவிழ்ந்து, பொட்டலம் விழுந்து, நூல் பிரிந்து, அரளி அத்தனையும் பறந்தது. ஒரு பூ கோமதி தலையிலேயே போய் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"யம்மா, இதும் சிவப்பா இருக்கு?"

"ஏட்டி, வாய மூடு."

"அப்ப வெள்ளை எங்க?"

"உனக்கு என்ன வேணும், சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "நான் பாத்திரம் கழுவ மாட்டேன்."

"என்னைக்கு?"

"என்னைக்கும்."

நீ லீவில் வரும்போதெல்லாம், "இவ ஒரு டம்ளரக் கூடக் கழுவ மாட்டாளா? எல்லாம் நீ குடுக்குத செல்லம்" என்று என்னைத்தான் ஏசினாய். செல்லமும் இல்லை ஒன்றும் இல்லை, ஒப்பந்தம். நம் வீட்டில் பதினைந்து வருஷமாக முறிக்கப்படாத ஒரே வாக்கு அதுதான்.

அன்றைக்கு ராத்திரி வழக்கம்போல நோட்டை எழுத உட்கார்ந்தேன். 'அரளி, இரண்டு பொட்டலம். நந்தியாவட்டை, இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. நோட்டில் பொய் எழுத எனக்குக் கை வராது. சாமியிடம் மட்டும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் உலகம்மன் சந்நிதியில் நேராகப் போய் நின்றதே இல்லை. தூண் ஓரமாக நுழைந்து, தூண் ஓரமாகவே கும்பிட்டு, ஓரமாகவே வெளியே வந்துவிடுவேன். அந்தப் படத்து நண்டு தோற்கும். உனக்கு முதல் சம்பளம் வந்ததும், "அம்மன் சொன்ன வழில போனேன், வேலை கெடைச்சிட்டு" என்று அம்மனுக்குப் பட்டுப் பாவாடை எடுத்து வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? சாத்தும்போது நான் மயக்கம் வருகிறது என்று வெளியே போய் உட்கார்ந்தேன். நீ சோடா வாங்கிக் கொடுத்தாய். அதைக் குடித்தேன் பார், அந்த சோடாதான் நான் செய்த இரண்டாவது பாவம்.

படத்தின் முடிவைச் சொல்லாமல் விட்டேனே. குட்டி வேறு பக்கமாகக் குடைந்து வெளியேறிப் போய்விடுகிறது. அருவி அதை எத்தனை தரமோ தூக்கி எறிகிறது. கடைசியில் உச்சிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே கடலும் இல்லை, குளமும் இல்லை. பாசி பிடித்த ஒரு பாறை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குட்டி அதன் கீழே போய் நின்று வாயைத் திறக்கிறது. ஒரு சொட்டு விழுகிறது. சிரிக்கிறது. அத்தோடு முடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த அப்பா விழித்து, "இவ்வளவுதானா? இதுக்கா அது கெடந்து ஏறுச்சு?" என்றார். எனக்கென்னவோ அந்தச் சொட்டு போதும் என்று பட்டது. போதாதது வேறொன்று. கீழே அந்த அம்மா நண்டு வளை வாயைத் திறந்து வைத்துக் காத்திருப்பதைக் காட்டுகிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் மண்ணை வைத்து அடைத்தது நான்தான் என்று அது கடைசிவரை வாயைத் திறந்து சொல்லவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லேன் சனியனே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மழைக்கு ஒதுங்கிய மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விளக்கைப் போட்டபிறகும் நான் எழுந்திருக்கவில்லை. திரையில் படத்துக்கு வேலை செய்தவர்கள் பேர் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கிலீஷ்தான், எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் மேலே போய்விடுகிறது, அதனால் எண்ண ஆரம்பித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். கூட்ட வந்தவர் விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்று, "யக்கா, படம் முடிஞ்சிட்டு" என்றார். "எனக்கு முடியல, நில்லுங்க அண்ணாச்சி" என்றேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், விசு. அதில் யாரோ ஒருத்தன் அந்தக் கொடுக்கில் மண்ணை மட்டும் வரைந்திருப்பான். எல்லாருக்கும் ஒரு வீடு இருக்கும், ஒரு அம்மா இருப்பாள், அவளும் என்னைப் போலப் பயந்திருப்பாள். அப்படியும் அத்தனை அம்மாக்களும் அடுத்த தெருவரைக்கும் நடந்துபோய் வெள்ளைப் பூ பறித்து வந்திருக்கிறார்கள். நான் ஒருத்தி வாசல்படியோடு திரும்பிவிட்டேன்.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் குற்றாலம் போனேன். நீ சிரிப்பாய். தென்காசியில் வாழ்க்கைப்பட்டு முப்பத்து நாலு சீசன் ஆகிறது. சாரல் விழுந்தால் மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தோசை போயிற்று என்று ஒவ்வொரு சீசனுக்கும் என்னிடம் பக்கம் உண்டு. எல்லாரும் மெயினருவியில் போய் ஆடுவார்கள். நான் கரையில் அவர்கள் துணிப்பை, செருப்பு, பல்செட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் காவல். சீசன் தண்ணீரில் நான் தலை நனைத்ததே இல்லை. குளித்ததெல்லாம் ஆள் இல்லாத கார்த்திகையில், நாலே நாலு தரம். யாரும் என்னைக் குளிக்காதே என்று சொல்லவில்லை. "பைய யாரு பாப்பா?" என்று நானே கேட்டு, நானே "நான் பாக்கேன்" என்று பதில் சொல்லிக்கொள்வேன். கேள்வியையும் மடித்து, பதிலையும் உள்ளே வைத்து மடிப்பதுதான் எனக்குக் கைவந்த தொழில் ஆயிற்றே.

அருவித் தண்ணீர் ஆர்ச்சைத் தொட்டால் குளிக்க விடமாட்டார்கள்; இன்றைக்கு அதைத் தொடாத அளவாக நல்ல தண்ணீர். பையை அப்பா கையில் கொடுத்தேன். "இத வச்சு நான் என்ன செய்ய?" என்று கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கினார். "முப்பத்து நாலு வருசம் நான் என்ன செஞ்சனோ அதச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் வரிசையில் போய் நின்றேன். நின்றபிறகுதான் தோன்றியது, இந்தப் பாரத்தோடு அருவிக்குள் போகக்கூடாது என்று. கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா. நடுவில் அருவி இரைச்சல். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஏங்க! அன்னைக்கு விசுவுக்குப் பூக் கட்டிப் பாத்தோம்லா! ரெண்டு பொட்டலத்துலயும் நான் சிவப்புதான் வச்சேன்!"

அப்பா கையைக் காதில் குவித்துக் கேட்டுவிட்டு, "தெரியும்ளா!" என்று கத்தினார்.

"என்ன தெரியும்?"

"வெள்ளைப் பூவுக்கு நீ தெருவத் தாண்டவே இல்லியே! நான் திண்ணைல உக்காந்து பேப்பர்தான படிச்சுட்டு இருந்தேன்!"

"பொறவு ஏன் சொல்லல?"

"எனக்கும் இன்ஜினியரிங்தான வேண்டியிருந்து!"

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், தலை நிறைய எண்ணெய், திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யக்கா, அந்தப் பையன் இப்ப என்ன செய்யுதான்?" "சென்னைல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கான்." "கல்யாணம்?" "இன்னும் இல்ல." "பொறவு என்னத்துக்கு அந்தச் சிவப்பு?" என்றாள். பின்னால் நின்ற இன்னொருத்தி, "மொதல்ல அவன்ட்டச் சொல்லுங்க. புருசன்ட்டக் கத்தி என்ன பிரயோசனம்?" என்றாள். அதற்குள் விசிலோடு பெண் போலீஸ் வந்துவிட்டாள். "யம்மா, பாவத்தச் சொல்லி முடிச்சாச்சுல்லா? நகருங்க, பின்னால ஆளு நிக்கி." நகர்ந்தேன். தண்ணீர் தலையில் விழுந்தது. பதினைந்து வருஷமாக என் தலையில் வைக்க வேண்டிய குட்டு எல்லாவற்றையும் அம்மன் மொத்தமாக வைத்தது போல இருந்தது. வலித்தது, ஐயா. வெளியே வரவே மனசில்லை. இன்னொரு விசிலுக்குத்தான் வந்தேன். அப்பா அந்தப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். "ஏளா, ஒரு குரங்கு ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போச்சு. இது லேசுப்பட்ட வேலை இல்லளா" என்றார். முப்பத்து நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஈரத்தலையோடு நேராக வாத்தியாரம்மா வீட்டுக்குப் போனேன். "ரெண்டு கை நந்தியாவட்டை வேணும்" என்றேன். "என்ன விசேசம்?" என்றார்கள். "பதினஞ்சு வருசம் முந்தி வந்து கேக்க வேண்டியது. கொஞ்சம் பிந்திட்டு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாலும் கூடை நிறையக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நோட்டுத் தாள் இரண்டு கிழித்து, இரண்டிலும் வெள்ளையை வைத்து மடித்து நூல் சுற்றினேன். கோயிலுக்குப் போய்த் தூணை விட்டுவிட்டு நடுவில், நேருக்கு நேராக நின்றேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அம்மன் முகத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தேன். மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பொட்டலத்தைக் காலடியில் வைத்து வாங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. செய்ததைச் சொன்னேன், வந்துவிட்டேன்.

அந்த இரண்டு பொட்டலமும் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. இவள் மறுபடியும் கள்ளப் பூ கட்டுகிறாளே என்று நீ நினைப்பாய். கள்ளப் பூதான். உன் அம்மா படம் பார்த்துத் திருந்தி ஞானி ஆகிவிட்டாள் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. ஆனால் இந்தத் தடவை என்ன மடித்தேன் என்று அம்மனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இது உத்தரவும் இல்லை, உன் அம்மாவின் ஆசை மட்டும்தான். ஆசையை ஆசை என்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம் அன்றைக்கும். சண்டை போட்டிருப்பாய், ஜெயித்தும் இருப்பாய். அதற்குப் பயந்துதான் அம்மனை இழுத்தேன். நீயும் இப்போது அதையே செய்யப் பார்க்கிறாய். சாமியிடம் கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. நாம் சொல்லப் பயப்படுகிற பதிலை அவளைச் சொல்லவைக்கக் கூடாது. சென்னையிலேயே இருப்பது நல்லது என்று உனக்கே பட்டால் இரு. பூவை ஏதாவது செடிக்கு உரமாகப் போடு. எனக்கு வருத்தம் இருக்கும், ஆனால் நான் எதையும் மடிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை அவர்களுக்குச் சொல்லுகிற பதில் உன் வாயிலிருந்து வரட்டும்.

உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். பதினைந்து வருஷம் சின்ன விஷயம் இல்லை. அதை என்னால் திருப்பித் தர முடியாது, எந்த நோட்டிலும் அதற்கு வரவு வைக்க இடமில்லை. பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு. எத்தனை நாள் என்று மட்டும் கோமதியிடம் சொல்லிவிடு, நான் குறித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நாளுக்கும் நோட்டில் ஒரு தூங்குகிற பசு போட முயற்சி செய்வேன். நேற்று ஒன்று போட்டுப் பார்த்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "எலி நல்லா வந்திருக்கு" என்றார்.

கோமதி வந்ததும் விஷயத்தைச் சொல்லி, ஒப்பந்தம் முடிந்தது, எழுந்து பாத்திரத்தைக் கழுவு என்றேன். "அண்ணன் படிச்சிட்டான்னு அவன் வாயால சொல்லட்டும், பொறவு பாப்போம்" என்கிறாள். ஆகவே படித்ததும் என்னோடு பேசாவிட்டாலும் அவளுக்கு ஒரு வார்த்தை போடு. தொட்டியில் இப்போதே ஏழு தட்டு கிடக்கிறது.

இன்னொன்று. கூரியர்க்காரர் வியாழக்கிழமை வந்துசேரும் என்றார். நந்தியாவட்டை அதுவரை தாங்காது. நீ பிரிக்கும்போது பழுத்து, ஓரமெல்லாம் சுருண்டு, செம்மண் நிறமாகியிருக்கும். அதைப் பார்த்துச் சிவப்பு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, ராசா. நான் மடிக்கும்போது இரண்டும் வெள்ளை.